சுண்ணாம்பும் சவர்க்காரமும்: விஞ்ஞானக் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிகளையும் வீட்டிலே செய்யக்கூடிய பரிசோதனைகளையும் பற்றியவை. ஒரேவகையான கேள்விகள் சிலவற்றை ஒன்றாக்கி, பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு மட்டும் இங்கே விடையளிக்கிறேன்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைப்பதே இல்லை. தோழியின் வீட்டுக் கிணற்றில் நன்றாக நுரைக்கிறது. மூன்று ஊர்களின் கிணற்றுத் தண்ணீரை ஒப்பிட்டுக் கண்காட்சிக்கு வைக்க விரும்புகிறோம். எப்படிச் செய்தால் நடுவர்கள் குறை சொல்லமாட்டார்கள்?
– தரம் 10 மாணவி, சாவகச்சேரி

நடுவர்களைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். உங்கள் கிணற்றில் சவர்க்காரம் ஏன் நுரைக்கவில்லை என்பதை முதலில் விளங்கிக்கொண்டால், பரிசோதனையில் எவற்றையெல்லாம் மாறாமல் வைத்திருக்க வேண்டும் என்பது தானாகவே தெரியவரும்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக நிலத்துள் இறங்கும்போது, நீரிற் கரையாத கல்சியம் காபனேற்றாகிய சுண்ணக்கல், கரையக்கூடிய கல்சியம் இருகாபனேற்றாக மாறி நீரோடு சேர்கிறது. இவ்வாறு கல்சியம், மகனீசியம் அயன்கள் மிகுந்த நீரையே வன்னீர் என்கிறோம். சவர்க்காரம் என்பது கொழுப்பமிலங்களின் சோடியம் உப்பு. அது வன்னீரில் உள்ள கல்சியத்தைச் சந்தித்தவுடன் கரையாத கல்சியம் உப்பாகிப் படிகிறது. குளியலறை வாளியின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும் சாம்பல் நிறப் படலம் அதுதான். நீரில் உள்ள கல்சியமும் மகனீசியமும் முழுவதும் இவ்வாறு படிந்து தீர்ந்த பிறகு சேர்க்கப்படும் சவர்க்காரமே நுரையைத் தரும். ஆகவே நுரை நிலைத்து நிற்பதற்கு எத்தனை துளி சவர்க்காரக் கரைசல் தேவைப்பட்டது என்று எண்ணினால், அந்த எண்ணிக்கை வன்மையை ஒப்பிட உதவும்.

இந்த விளக்கத்திலிருந்தே முதலாவது நிபந்தனை பிறக்கிறது. சலவைத்தூளைப் பயன்படுத்தக் கூடாது. இன்று கடையில் விற்கப்படும் சலவைத்தூள்கள் பெரும்பாலும் செயற்கை அழுக்ககற்றிகள். அவை கல்சியத்தோடு சேர்ந்து சவர்க்காரத்தைப் போலப் படிவதில்லை. அவற்றைக் கொண்டு சோதித்தால் மூன்று கிணறுகளும் ஏறத்தாழ ஒரேமாதிரி நுரைக்கக்கூடும், நீங்களும் வேறுபாடே இல்லை என்று எழுதிவிடுவீர்கள். மணம், நிறம் சேர்த்த குளியற் கட்டிகளிலும் வேறு பொருட்கள் கலந்திருப்பதுண்டு. உடுப்புத் தோய்க்கும் சாதாரணச் சவர்க்காரக் கட்டியைச் சீவி, 5 கிராமை 500 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் இளஞ்சூட்டிற் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சி வடித்த நீர் கிடைக்காவிட்டால், கூரையில் வழியாமல் நேரே சுத்தமான பாத்திரத்திற் பிடித்த மழைநீர் போதும். கிணற்று நீரிற் கரைத்தால், சோதனை தொடங்கும் முன்னரே சவர்க்காரத்தின் ஒரு பகுதி வீணாகிவிடும்.

அடுத்தது நீரை எடுக்கும் விதம். புத்தூரில் உள்ள நிலாவரைக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். அதன் மேற்பகுதி நீர் நன்னீராகவும் ஆழத்தில் உள்ள நீர் உவர்நீராகவும் இருப்பது ஊரறிந்த விடயம்; அடர்த்தி குறைந்த நன்னீர், அடர்த்தி கூடிய உவர்நீரின் மேல் தங்கி நிற்கிறது. ஒரே கிணற்றின் இரண்டு ஆழங்களே இவ்வளவு வேறுபடுமென்றால், ஓர் ஊரில் வாளியால் மேலாக மொண்ட நீரையும் இன்னோர் ஊரில் நீரிறைக்கும் இயந்திரம் அடியிலிருந்து இழுத்த நீரையும் ஒப்பிட்டு ஊர்களைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. மூன்று கிணறுகளிலும் ஒரே நாளில், ஒரே முறையில், ஏறத்தாழ ஒரே ஆழத்தில் நீரை எடுங்கள். மாரிமழைக்குப் பின் எடுத்த நீரையும் கோடையில் எடுத்த நீரையும் கலக்க வேண்டாம்.

சோதிக்கும்போது ஒரே அளவான மூடியுள்ள போத்தல்களில் 50 மில்லிலீற்றர் வீதம் நீரை ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஐந்து துளி சவர்க்காரக் கரைசலைச் சேர்த்து, பத்துத் தடவை குலுக்கி, நுரை 30 செக்கன் நிலைக்கிறதா என்று பாருங்கள். குலுக்குபவர் ஒருவராகவே இருக்கட்டும். போத்தல்களுக்கு ஊரின் பெயரை எழுதாமல் 1, 2, 3 என்று இலக்கமிடுங்கள். எந்த இலக்கம் எந்த ஊர் என்பது குலுக்குபவருக்குத் தெரியாதிருப்பது நல்லது. "எங்கள் கிணறு நுரைக்காது" என்று நம்புகிற கை, தன்னையறியாமலே மெதுவாகக் குலுக்கும். நான்காவது போத்தலில் காய்ச்சி வடித்த நீரை வையுங்கள். அது உங்கள் கட்டுப்பாட்டுச் சோதனை; சவர்க்காரக் கரைசல் சரியாக வேலை செய்கிறது என்பதை அதுதான் உறுதிப்படுத்தும்.

பலரும் மறந்துவிடும் ஒரு விடயம் உண்டு. தீவகத்திலோ கரையோரத்திலோ உள்ள கிணறு ஒன்றைத் தெரிந்தெடுத்தால், அங்கே நுரை குறைவதற்குக் கல்சியம் மட்டும் காரணமாக இராது. சாதாரண உப்பாகிய சோடியம் குளோரைட்டு மிகுதியாக இருந்தாலும் சவர்க்காரம் கரைவது குறையும். சவர்க்காரம் காய்ச்சும்போது உப்பைச் சேர்த்துச் சவர்க்காரத்தைப் பிரித்தெடுப்பது இதனால்தான். எனவே காய்ச்சி வடித்த நீரிற் சிறிதளவு உப்பை மட்டும் கரைத்த ஐந்தாவது போத்தல் ஒன்றும் தேவை. அதுவும் நுரைக்கத் தயங்குமானால், "நுரை குறைந்தது, ஆகவே வன்மை கூடியது" என்று அவசரப்பட்டு எழுதமாட்டீர்கள்.

விரும்பினால் இன்னொரு படி போகலாம். இருகாபனேற்றினால் வரும் வன்மை தற்காலிகமானது. நீரைக் கொதிக்கவைத்தால் அது மீண்டும் கல்சியம் காபனேற்றாகப் படிந்துவிடும். கேத்தலின் அடியிற் படியும் வெள்ளைக் கல் அதுவே. நீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவிட்டு மறுபடியும் துளிகளை எண்ணுங்கள். கொதிக்கும்போது நீர் குறைவதால், காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்துப் பழைய கனவளவுக்குக் கொண்டுவர வேண்டும். சூடான நீரிற் சவர்க்காரம் வேறுவிதமாக நடந்துகொள்ளும் என்பதால், எல்லாப் போத்தல்களும் அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே சோதியுங்கள்.

என் மகன் அப்பச்சோடாவையும் வினாகிரியையும் கலந்து "எரிமலை" செய்து காட்டினான். ஆசிரியர் அது பரிசோதனை அல்ல என்று சொல்லிவிட்டாராம். பிள்ளை மனமுடைந்துபோனான். அது ஏன் பரிசோதனை ஆகாது?
– ஒரு தாய், கோண்டாவில்

ஆசிரியர் சொன்னது சரி, அம்மா. ஆனால் அதைப் பரிசோதனையாக மாற்றும் வழியையும் அவர் சொல்லியிருக்கலாம். நுரை பொங்குமென்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு அதைச் செய்து காட்டுவது செய்துகாட்டல். விடை தெரியாத ஒரு கேள்வியை எழுப்பி, அதற்கு ஓர் எதிர்வுகூறலைச் சொல்லி, அது பொய்யாவதற்கும் இடம்விட்டு அளந்து பார்ப்பதே பரிசோதனை. மகனிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: அப்பச்சோடாவைக் கூட்டிக்கொண்டே போனால் வாயுவும் கூடிக்கொண்டே போகுமா?

அப்பச்சோடா என்பது சோடியம் இருகாபனேற்று; வினாகிரியில் இருப்பது அசற்றிக் அமிலம். 60 கிராம் அசற்றிக் அமிலம் 84 கிராம் சோடியம் இருகாபனேற்றோடு முழுமையாகத் தாக்கமடையும். இந்த எண்கள் அவற்றின் மூலக்கூறுகளின் திணிவுகளிலிருந்து வருகின்றன. தரம் 10, 11 மாணவருக்கு மூல் என்ற எண்ணக்கருவை விளக்க இதைவிட மலிவான வழியை நான் கண்டதில்லை. வினாகிரியில் நூற்றுக்கு 5 பங்கு அமிலம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 20 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 1 கிராம் அமிலம் இருக்கும். அதற்குத் தேவையான அப்பச்சோடா 1.4 கிராம் மட்டுமே. அரைக் கிராம், 1 கிராம், 1.5 கிராம், 2 கிராம், 2.5 கிராம் என்று ஒவ்வொரு முறையும் புதிய 20 மில்லிலீற்றர் வினாகிரியிற் சேர்த்து வாயுவை அளந்தால், முதலிற் கூடிக்கொண்டு போய் 1.4 கிராமுக்கு அண்மையில் நின்றுவிட வேண்டும். அதற்கு மேற் போடும் அப்பச்சோடா தாக்கமடைய அமிலமின்றி அடியிலே கிடக்கும். போத்தலின் சுட்டியில் அமிலத்தின் அளவு 4 வீதம் என்று இருந்தால், வாயுவின் அளவைக் காட்டும் வரைபு எங்கே திரும்புமென்பதை மகனே கணித்து எழுதி, பிறகு அளந்து பார்க்கட்டும். தான் கணித்த இடத்தில் வரைபு திரும்புவதைப் பார்க்கும் பிள்ளைக்கு எரிமலை மறந்துபோகும்.

வாயுவை அளக்க இரண்டு வழிகள் உண்டு. நீர் நிரப்பிக் கவிழ்த்த அளவுச்சாடியில், வாயு நீரைக் கீழே தள்ளும்படி சேகரிக்கலாம், 1.4 கிராமுக்கு ஏறத்தாழ 400 மில்லிலீற்றர் வாயு கிடைக்க வேண்டும், அதிற் சிறிதளவு நீரிற் கரைந்து குறையும். அல்லது திறந்த போத்தலை நுண்ணிய தராசில் வைத்து, வெளியேறிய வாயுவின் திணிவை நிறுத்துப் பார்க்கலாம். அது முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். நுரையோடு துளிகள் தெறித்து வெளியேறினால் அவையும் வாயுவாகக் கணக்கிடப்பட்டுவிடுமாதலால், போத்தலின் வாயிற் சிறிது பஞ்சைத் தளர்வாக வையுங்கள். போத்தலை ஒருபோதும் இறுக்கி மூட வேண்டாம், வெடிக்கும்.

போத்தலின் வாயில் பலூனை மாட்டிவிட்டு, திணிவு மாறவில்லை என்று காட்ட முயன்ற சிலர் எழுதியிருந்தார்கள். அவர்களுடைய தராசு அரைக் கிராமளவு குறைவாகக் காட்டியதாம். திணிவுக் காப்பு விதி பொய்த்துவிடவில்லை. 400 மில்லிலீற்றருக்கு ஊதிய பலூன் அதேயளவு காற்றை இடம்பெயர்க்கிறது; அந்தக் காற்றின் நிறை ஏறத்தாழ அரைக் கிராம். நீரில் அமிழ்ந்த பொருளை நீர் மேலுதைப்பதுபோலக் காற்றும் பலூனை மேலுதைக்கிறது. தராசு பொய் சொல்லவில்லை, அது எதை அளக்கிறது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை, அவ்வளவே.

பனையிலிருந்து கருப்பநீர் (பதநீர்) இறக்கும்போது முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது கள்ளாகிவிடும் என்கிறார்கள். இதைப் பரிசோதனையாகச் செய்யலாமா?
– உயர்தர மாணவன், பருத்தித்துறை

செய்யலாம். எங்கள் மண்ணிலிருந்தே எழும் இத்தகைய கேள்விகளை மாணவர்கள் கேட்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

பாளையிலிருந்து வடியும் நீரிற் சீனிச்சத்து மிகுதி. காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியிலும் இருக்கும் மதுவம் (ஈஸ்ட்) என்ற நுண்ணுயிர் அந்தச் சீனியை எதனோல் என்ற மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது. சுண்ணாம்பு, அதாவது கல்சியம் ஐதரொட்சைட்டு, நீரைக் காரத்தன்மையாக்கி அந்த நுண்ணுயிர்களின் தொழிற்பாட்டைத் தடுக்கிறது. அதனாலேயே கருப்பநீர் இனிப்பாக நின்று, பனங்கட்டி காய்ச்சுமளவுக்குத் தாக்குப்பிடிக்கிறது.

மரத்திலிருந்து இறக்கிய நீரிலேயே பரிசோதனையைத் தொடங்க வேண்டாம். இறக்கும் வழியிலேயே நொதித்தல் தொடங்கிவிடும். ஒரு மரத்தின் நீரும் இன்னொரு மரத்தின் நீரும் சமமல்ல. 100 மில்லிலீற்றர் கொதித்தாறிய நீரில் 10 கிராம் சீனியைக் கரைத்து, பாண் சுடுவதற்குக் கடையில் விற்கும் ஈஸ்டில் 1 கிராமைச் சேர்த்தால், தொடக்கநிலை எல்லாப் போத்தல்களிலும் ஒன்றாயிருக்கும். நான்கு போத்தல்கள் தேவை: ஈஸ்ட் மட்டும் உள்ளது, ஈஸ்டும் சுண்ணாம்பும் உள்ளது, சுண்ணாம்பு மட்டும் உள்ளது, இரண்டும் இல்லாதது. நான்கின் வாயிலும் ஒரேவகைப் பலூனை மாட்டி, ஒரே நிழலில் வையுங்கள். சுண்ணாம்பு கண்ணிற் படாமற் பார்த்துக்கொள்ளுங்கள். போத்தலில் உள்ளதை எவரும் சுவைத்துப் பார்க்கக் கூடாது.

இங்கேதான் ஒரு பெரிய பொறி இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் மாணவர் குழுவொன்று இதே பரிசோதனையைச் செய்து பரிசு பெற்றது. நடுவர்களுள் நானும் ஒருவன். சுண்ணாம்பு இட்ட போத்தலின் பலூன் ஊதவில்லை, ஆகவே சுண்ணாம்பு நொதித்தலை நிறுத்திவிட்டது என்று அவர்கள் எழுதினார்கள், நாங்களும் ஏற்றுக்கொண்டோம். வீடு திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. காபனீரொட்சைட்டைச் சுண்ணாம்புநீர் உறிஞ்சிப் பால்போலாகும் என்பதைத்தானே நாங்கள் தரம் 8இலிருந்து கற்பிக்கிறோம்! நுண்ணுயிர் வழமைபோல வாயுவை வெளியிட்டிருக்கலாம், அதைச் சுண்ணாம்பு விழுங்கியிருக்கலாம். பலூன் ஊதாமைக்கு இரண்டு காரணங்கள் சாத்தியம். அந்தப் பரிசோதனை இரண்டையும் பிரித்தறியவில்லை. அந்த மாணவர்களுக்குப் பிறகு இதை எழுதி அனுப்பினேன்.

பிரித்தறிவதற்குக் கணக்கே உதவும். 74 கிராம் கல்சியம் ஐதரொட்சைட்டு 44 கிராம் காபனீரொட்சைட்டை உறிஞ்சும். ஆகவே 1 கிராம் சுண்ணாம்பு 300 மில்லிலீற்றருக்கும் மேற்பட்ட வாயுவை விழுங்கிவிடும். அது ஒரு பலூனின் அளவுக்கு வந்துவிடுகிறது. 0.1 கிராம் சுண்ணாம்பு மட்டும் இட்டால், அதனால் விழுங்கக்கூடியது 30 மில்லிலீற்றரைச் சற்றுத் தாண்டும். சுண்ணாம்பு இல்லாத போத்தலில் 300 மில்லிலீற்றர் வாயு சேரும்வரை காத்திருங்கள். அப்போதும் மற்றப் போத்தலின் பலூன் தட்டையாகவே கிடந்தால், அந்த வேறுபாட்டைச் சுண்ணாம்பின் உறிஞ்சலால் விளக்க முடியாது. பாடசாலையில் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் நீரமானி இருந்தால் வாயுவை நம்பியிருக்கவே வேண்டியதில்லை: நொதித்தலின்போது சீனி குறைந்து எதனோல் கூடுவதால் கரைசலின் அடர்த்தி குறையும். இரண்டு வெவ்வேறு வழிகளால் அளந்து ஒரே முடிவுக்கு வந்தால், அந்த முடிவை நான் மனமார நம்புவேன்.

ஒவ்வோர் அளவீட்டையும் மூன்று முறை எடுத்துச் சராசரி காணச் சொல்கிறோம். மாணவர்கள் இதை ஒரு சடங்காகவே செய்கிறார்கள். எப்படி விளக்குவது?
– ஆசிரியை, நெல்லியடி

மூன்று பெறுமானங்களையும் சராசரிக்குள் மறைத்துவிடாமல் கரும்பலகையில் எழுதச் செய்யுங்கள். 41, 42, 43 என்பதன் சராசரியும் 30, 42, 54 என்பதன் சராசரியும் 42 தான்; ஆனால் இரண்டாவது குழுவின் 42ஐ எவரும் அவ்வளவாக நம்பமாட்டார்கள். ஒரு போத்தலுக்கும் இன்னொரு போத்தலுக்கும் இடையிலான வேறுபாடு, ஒரே போத்தலை மீண்டும் மீண்டும் அளக்கும்போது வரும் வேறுபாட்டைவிடத் தெளிவாகப் பெரிதா என்பதே கேள்வி. இரண்டு பாகை கூடக் காட்டும் வெப்பமானியை நூறு முறை வாசித்தாலும் அந்தப் பிழை நீங்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மீளச்செய்தல் தற்செயல் வழுவைக் குறைக்குமே தவிர முறைமையான வழுவைத் தொடாது. பொருந்தாத பெறுமானத்தை அழிக்க ஒருபோதும் அனுமதிக்க வேண்டாம். அதை எழுதிவைத்து, காரணத்தைத் தேடி, மறுபடியும் அளக்கட்டும்.

மகள் இரண்டு சட்டிகளில் வெங்காயம் நட்டு, ஒன்றுக்கு 10 கிராம் யூரியாவும் மற்றதுக்கு 10 கிராம் மாட்டெருவும் இட்டாள். யூரியா இட்ட சட்டி வாடிவிட்டது. மாட்டெருவே சிறந்தது என்று எழுதலாமா?
– விவசாயி, உரும்பிராய்

எழுத முடியாது, ஐயா. பிள்ளையின் உழைப்பைக் குறைத்து நான் இதைச் சொல்லவில்லை. அவள் எழுப்பிய கேள்வி நல்ல கேள்வி, அதனால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இரண்டுக்கும் பத்துப் பத்துக் கிராம் இட்டதால் எல்லாம் சமம் என்று அவள் நினைத்திருக்கிறாள். யூரியாவில் நைதரசன் 46 வீதம். காய்ந்த மாட்டெருவில் அது பொதுவாக 1 முதல் 2 வீதமே. ஆகவே ஒரு சட்டிக்கு 4.6 கிராம் நைதரசனும் மற்றதுக்கு அதில் மிகச் சிறிய பங்கும் கிடைத்திருக்கின்றன. சிறிய சட்டியில் 10 கிராம் யூரியா அளவுக்கு மிஞ்சியது. மண்ணீரில் உப்புச் செறிவு கூடி, வேர் நீரை உறிஞ்ச முடியாமற் போகும், யூரியா சிதையும்போது வெளிவரும் அமோனியாவும் இளம் வேரைப் பாதிக்கும். உரும்பிராய்ச் செம்மண்ணில் எத்தனை வருடமாக வெங்காயம் செய்கிறவர் நீங்கள். அளவுக்கு மிஞ்சிய உரம் என்ன செய்யும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

எதைச் சமமாக வைப்பது என்பதை இங்கே தராசு தீர்மானிக்காது, கேள்விதான் தீர்மானிக்கும். "ஒரே அளவு நைதரசனை எந்த வடிவிற் கொடுத்தால் வெங்காயம் நன்றாக விளையும்?" என்பது கேள்வியானால், 1 கிராம் யூரியாவுக்கு ஏறத்தாழ 30 கிராம் காய்ந்த மாட்டெரு என்று இட வேண்டும். "ஒரே செலவில் எது நல்லது?" என்பது கேள்வியானால், விலையைச் சமப்படுத்த வேண்டும். இரண்டும் நியாயமான பரிசோதனைகள். ஆனால் ஒன்றின் விடையை மற்றதன் விடையாக எழுதக் கூடாது. மாட்டெருவில் பொற்றாசியம், பொசுபரசு முதலியனவும், நீரைப் பிடித்துவைக்கும் சேதனப் பொருளும் சேர்ந்தே வருவதால், வேறுபாடு வந்தால் அது நைதரசனால் மட்டும் வந்தது என்றும் சொல்லிவிட முடியாது.

ஒவ்வொரு வகைக்கும் ஒரு சட்டி போதாது. ஒரு வெங்காயம் தானாகவே சோர்ந்திருக்கலாம். வகைக்கு ஆறு சட்டிகளாவது வைத்து, உரமே இடாத ஆறு சட்டிகளையும் சேர்த்து, ஒரே அளவான விதைவெங்காயத்தை நட்டு, எந்தச் சட்டி எந்த இடத்தில் நிற்கும் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். வேலியோர நிழலும் கிணற்றடி ஈரமும் ஒரே வகைக்கே போய்ச் சேராமல் அது காக்கும்.

இத்தகைய பரிசோதனைக்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மொன்ட் என்ற மருத்துவர், 200 இறாத்தல் உலர்ந்த மண்ணை நிறுத்து ஒரு பெரிய சட்டியிலிட்டு, 5 இறாத்தல் நிறையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 இறாத்தலுக்கு வளர்ந்தது. மண் குறைந்ததோ இரண்டு அவுன்சு அளவே. அவர் இறந்த பிறகு 1648இல் வெளியான அவருடைய எழுத்துக்களில், மரம் முழுவதும் நீரிலிருந்தே உண்டானது என்ற முடிவு இருக்கிறது. அளவீட்டிற் பிழையில்லை. காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை. "வாயு" என்பதைக் குறிக்கும் "காஸ்" என்ற சொல்லை ஐரோப்பிய மொழிகளுக்குத் தந்தவரும், கரி எரியும்போதும் திராட்சைரசம் நொதிக்கும்போதும் ஒரே வாயு வெளிவருவதைக் கண்டவரும் இவரே. அந்த வாயுதான் காபனீரொட்சைட்டு. அதைக் கொண்டுதான் அந்த மரம் தன் உடலைக் கட்டியது. பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவள் செய்த தவறு பெரியவர்களும் செய்த தவறுதான்.

ஒரு விடயத்தை இதோடு சேர்த்துச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. பயிர் எடுத்துக்கொள்ளாத நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாகி, சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே கிணற்றுக்குப் போகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வலிகாமத்தின் விவசாயப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை தாண்டப்பட்டிருக்கிறது. உங்கள் மகளின் சட்டிகளின் அடியிலிருந்து வடியும் நீரையும் சேகரித்து வைக்கச் சொல்லுங்கள். பாடசாலையில் நைத்திரேற்றைச் சோதிக்கும் கீலங்கள் கிடைத்தால், அவள் அடுத்த வருடம் செய்வதற்கு அதுவே இன்னொரு நல்ல பரிசோதனை.

மஞ்சட்கறை பட்ட வெள்ளைச் சட்டைக்குச் சவர்க்காரம் போட்டதும் கறை சிவந்துவிட்டது. ஏன்?
– தரம் 8 மாணவன், மானிப்பாய்

மஞ்சளில் உள்ள நிறப்பொருள் ஒரு காட்டி, அதாவது அமிலமா காரமா என்பதை நிறமாற்றத்தாற் காட்டும் பொருள். காரத்தில் அது செம்பழுப்பாகும்; சவர்க்காரம் காரத்தன்மையுள்ளது. அந்த இடத்தில் தேசிக்காய்ச் சாற்றை ஒரு துளி விட்டால் மறுபடியும் மஞ்சளாகும். மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்த்துக் குங்குமம் செய்வதும் இந்த மாற்றத்தைக் கொண்டுதான். ஆனால் இரண்டு காரங்களில் எது வலியது என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது. எல்லையைத் தாண்டியதா இல்லையா என்பதை மட்டுமே இது காட்டும். செவ்வரத்தம்பூச் சாறு அமிலத்தில் சிவந்தும் காரத்தில் பச்சையாகியும் இருபுறமும் நிறம் மாறுவதால், அதையும் செய்து பாருங்கள்.

எங்கள் அம்மம்மா, மழைநீரிற் போட்ட தேநீரையும் கிணற்று நீரிற் போட்ட தேநீரையும் ஒரு வாய் குடித்தவுடனேயே வேறுபடுத்திச் சொல்லிவிடுவேன் என்கிறார். இதைச் சோதிக்க முடியுமா?
– பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி

அம்மம்மா சொல்வதில் இரசாயன நியாயம் இருக்கிறது. இருகாபனேற்று மிகுந்த நீரில் தேநீர் கடும் நிறமாகிறது. ஆறும்போது மேலே ஒரு மெல்லிய படலமும் படர்கிறது. அந்தப் படலம் உண்டாவதற்குக் கல்சியம் வேண்டும். தேசிக்காய் பிழிந்தால் நிறம் வெளிறிப் படலம் மறைவதையும் கவனித்திருப்பீர்கள்.

சோதனைக்கு ஒரு புகழ்பெற்ற முன்மாதிரி இருக்கிறது. இங்கிலாந்தின் றொதாம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்தில், கோப்பையில் முதலிற் பாலை ஊற்றினார்களா தேநீரை ஊற்றினார்களா என்பதைச் சுவைத்தே சொல்வேன் என்று ஒரு பெண் விஞ்ஞானி சொன்னார். புள்ளிவிபரவியலாளர் றொனால்ட் பிஷர் அதைச் சோதிக்கும் முறையைப் பின்னர் 1935இல் விரிவாக எழுதினார். எட்டுக் கோப்பைகள், வகைக்கு நான்கு, ஒழுங்கற்ற வரிசையில். எந்த நான்கு எந்த வகை என்று வெறும் ஊகத்தாற் சரியாகச் சொல்ல எழுபதில் ஒரு வாய்ப்பே உண்டு. இரண்டே கோப்பைகள் வைத்தால், எதுவும் தெரியாதவரும் இரண்டில் ஒரு தடவை சரியாகச் சொல்லிவிடுவார்.

நீங்களும் எட்டுக் கோப்பைகள் வையுங்கள். ஒரே பொதியிலிருந்து எடுத்த தேயிலையை நிறுத்து எடுத்து, இரண்டு நீரையும் தனித்தனிப் பாத்திரங்களில் ஒரே நேரம் கொதிக்கவைத்து, ஒரே நிமிடக் கணக்கில் ஊறவைத்து, சீனியும் பாலும் இல்லாமல் வடியுங்கள். வரிசையைச் சீட்டுப் போட்டு முடிவுசெய்து, அதை எழுதிய தாளை மடித்து வைத்துவிடுங்கள். கோப்பையைக் கையிற் கொடுப்பவருக்கும் வரிசை தெரியக் கூடாது. பேத்தியின் முகம் அம்மம்மாவுக்கு நன்றாகத் தெரியும். நிறமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், உட்புறம் கடும் நிறமுள்ள கோப்பைகளைத் தேர்ந்தெடுங்கள். அல்லது அவர் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கட்டும். எல்லாக் கோப்பைகளும் ஒரே சூட்டில் இருக்கட்டும், இடையிடையே வாயைக் கொப்பளிக்க வெந்நீரும் கொடுங்கள். எட்டையும் சுவைத்து, நான்கு நான்காகப் பிரித்து வைத்த பிறகே அந்தத் தாளைத் திறவுங்கள். அவர் எத்தனையைச் சரியாகச் சொன்னார் என்பதை எனக்கும் எழுதுங்கள்.